பத்திரத்தில் கைமாறாத நஞ்சு: ஆலை நிலச் சீரமைப்பு ஒப்பந்தங்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மாசடைந்த தொழிற்சாலை நிலங்களைத் துப்புரவாக்கி மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தங்களை வரைந்து, பரிசீலித்து, ஒப்பமிடும் அரசு அலுவலர்களுக்கும் அவர்களுடைய சட்ட ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தை வாங்க முன்வருபவர் உங்களிடம் முதலில் கேட்பது, பழைய ஆலை விட்டுச்சென்ற நஞ்சுக்காகப் பின்னாளில் தம்மீது அரசு வழக்குத் தொடராது என்ற எழுத்துபூர்வமான உறுதியைத்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது. அது கிடைக்காவிட்டால் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும், வாங்க வந்தவர் விலகிப்போவார், மழை பெய்யும்போதெல்லாம் நஞ்சு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பொறுப்பு விலக்கே கூடாது என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அந்த விலக்கை எதற்கு ஈடாக, எந்தக் கட்டத்தில், எந்த நிபந்தனைகளோடு கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. ஏனென்றால் அந்த நிலத்தில் நாளை குடியேறப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இல்லை, அவர்களுக்காகப் பேசும் கடமை உங்களுடையது.

பொறுப்பு விலக்கு மட்டுமே எழுதப்பட்ட பத்திரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் லவ் கால்வாயைவிடத் தெளிவான சான்று இல்லை. நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதி வெட்டிக் கைவிடப்பட்ட அந்தக் கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்துக் களிமண்ணால் மூடியது. பிறகு அந்த நிலத்தை 1 டாலர் விலைக்கு நகரப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக்கொடுத்தது. பத்திரம் உண்மையை முற்றாக மறைக்கவில்லை. இரசாயன உற்பத்திக் கழிவு நிரப்பப்பட்ட இடம் இது என்பதையும், அதனால் உயிரிழப்போ காயமோ சொத்துச் சேதமோ நேர்ந்தால் விற்றவர்மீது எந்த உரிமைக் கோரிக்கையும் எழுப்பக் கூடாது என்பதையும் அது எழுத்தில் சொன்னது. ஆனால் அந்த எச்சரிக்கை எந்த மண்வெட்டியையும் தடுக்கவில்லை. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன, கழிவுநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் தோண்டியபோது களிமண் மூடி உடைந்தது. 1978-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நச்சுக் கழிவு நிலங்களைத் துப்புரவாக்க 1980-இல் 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சட்டம் பிறந்ததற்கு இந்த நிகழ்வு ஒரு முக்கியக் காரணம். பத்திரத்தின் ஷரத்து இறுதியில் விற்றவரையும் காப்பாற்றவில்லை: ஹூக்கரின் வாரிசான ஆக்சிடென்டல் நிறுவனம் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாளி என்று 1988-இல் நீதிமன்றம் சொன்னது, 1995-இல் அந்நிறுவனம் மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இது: பொறுப்பு விலக்கை ஒப்பமிடும் நாளில் கொடுக்காதீர்கள், நிலம் தூய்மையடைந்தது என்று அளந்து நிறுவப்பட்ட பிறகு, அந்த அளவீட்டுக்கு உட்பட்ட நஞ்சுகளுக்கும் அந்த ஆழத்துக்கும் மட்டும் கொடுங்கள்.

இந்த அளவீட்டை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரைக்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் கலந்த நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது, மாசு அளவு இறங்கி, அனுமதித்த வரம்புக்குக் கீழே வந்து நிற்கும். பம்பை நிறுத்திய வாரத்தில் எடுத்த மாதிரியும் நல்ல முடிவையே காட்டும். சில மாதங்கள் கழித்து அதே கிணற்றில் எடுத்துப் பாருங்கள்: களிமண் அடுக்குகளில் தங்கியிருந்த கரைப்பான் மெல்லக் கசிந்து நீரில் மறுபடியும் கலந்திருக்கும், அளவு பல இடங்களில் வரம்பைத் தாண்டியிருக்கும். இத்துறைப் பொறியாளர்கள் எல்லோரும் அறிந்த நிகழ்வு இது. "இறுதி மாதிரியின் முடிவு வரம்புக்குள் இருப்பின் பணி நிறைவுற்றதாகக் கருதப்படும்" என்ற வாசகத்தை எழுதுபவர் இதை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ எழுதுகிறார். பம்பை நிறுத்திய பிறகு மழைக்காலமும் வறட்சிக்காலமும் அடங்கும்படி பலமுறை மாதிரி எடுக்க வேண்டும். அதை எடுப்பவர் துப்புரவு ஒப்பந்ததாரரிடம் ஊதியம் பெறாதவராக இருக்க வேண்டும். கட்டடம் எழப்போகும் இடமென்றால் மண்ணிடுக்கில் இருக்கும் ஆவியையும் சோதிக்க வேண்டும், ஏனெனில் இத்தகைய கரைப்பான்கள் ஆவியாகித் தரைவிரிசல் வழியே வீட்டுக்குள் வரும். இவை மூன்றும் ஒப்பந்தத்திலேயே இடம்பெறட்டும்.

பணத்தைப் பற்றியும் இதே உறுதி வேண்டும். துப்புரவுக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம் வேலை பாதியில் இருக்கும்போது திவாலானால், எத்தனை கடுமையான ஷரத்தாலும் பயனில்லை. முழுச் செலவுக்கும், அதன் பிந்தைய கண்காணிப்புக்கும் ஈடான வங்கி உத்தரவாதமோ தனி வைப்பு நிதியோ கையில் வராமல் முதல் மண்வெட்டியைக்கூட அனுமதிக்க வேண்டாம்.

நஞ்சை முழுவதும் அகற்ற முடியாமல் மூடிவைக்கும் இடங்களில், தோண்டத் தடை, கிணறு வெட்டத் தடை, குடியிருப்புத் தடை போன்ற கட்டுப்பாடுகள் நிலத்தோடு சேர்ந்தே கைமாற வேண்டும். அவை பதிவு ஆவணத்தில் வில்லங்கமாகத் தெரிய வேண்டும். கழிவு எஞ்சியிருக்கும் இடங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது மறு ஆய்வு செய்யும்படி சூப்பர்ஃபண்ட் சட்டம் கூறுகிறது. 2002-இல் அதில் செய்த திருத்தம், முறையாக விசாரித்து வாங்கிய புதிய உரிமையாளருக்குப் பாதுகாப்புத் தந்தது; ஆனால் தொடரும் கசிவைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பதையும் நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளை மதிப்பதையும் அந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனையாக்கியது. விலக்கும் கடமையும் பிரியாமல் நிற்கும் இந்த அமைப்பைத்தான் உங்கள் வரைவுகளிலும் கேட்கிறேன். முன்பு அறியப்படாத மாசு பின்னர் வெளிப்பட்டால் ஒப்பந்தத்தை மறுபடியும் திறக்கும் உரிமையை எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலத்தைத் திரும்பப் பெறும் ஒப்பந்தங்களுக்கும் இவை பொருந்தும். போபாலில் யூனியன் கார்பைடு ஆலை நின்ற நிலம் 1998-இல் மாநில அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. வளாகத்தில் மூட்டைகளில் கிடந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. நிலத்தை ஏற்கும் கையெழுத்துக்கு முன் மண்ணையும் நீரையும் அளந்திருந்தால், செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அன்றே விடை எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒப்பமிடுவதற்கு முன், வரைவையும் ஆய்வு முடிவுகளையும் நிலத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் புரியும் மொழியில் வெளியிட்டு, அவர்கள் கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் கொடுங்கள். எந்த மூலையில் எந்தப் பீப்பாய் புதைக்கப்பட்டது என்பதை அந்த ஆலையில் வேலை பார்த்த முதியவர்கள் அறிந்திருப்பார்கள். எந்தக் கிணற்று நீர் எந்த ஆண்டில் நிறம் மாறியது என்பதை அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஆழ்துளையிட்டு மாதிரி எடுக்கும் இடங்களை அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவுசெய்யுங்கள்.

இங்ஙனம்,
மண், நீர் ஆய்வறிக்கைகளோடு உங்கள் ஒப்பந்தங்களையும் வாசித்துவரும் ஒரு குடிமகன்