கழித்த எடையைச் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத் தேயிலை வணிகம் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். விளைச்சலில் சீனா முதலிடம், அடுத்தது இந்தியா, கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் மட்டும் கென்யா முன்னால் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி என்பதைச் சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் எனக்கு அதுதான் முக்கியம்.

கென்யத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகள் விளைவிப்பது. அவர்களுக்காக அரசு 1964-ல் தொடங்கிய அமைப்பு இன்று கே.டி.டி.ஏ. என்ற பெயரில் இயங்குகிறது. கொழுந்து போடுகிறவர்களே தொழிற்சாலையில் பங்குதாரர்கள். மாதாமாதம் கிலோவுக்கு ஒரு தொகை. மொம்பாசா ஏலத்தில் தூள் விற்ற கணக்கைப் பார்த்து ஆண்டு முடிவில் மீதி, போனஸாக. போனஸ் குறைந்தால் அங்கேயும் போராட்டம் வெடிக்கிறதுதான். ஆனால் ஏலத்தில் ஏறியது இறங்கியது தன் கைக்கு எப்படி வருகிறது என்று அந்த விவசாயிக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாது. போன மழையில் என் மூட்டை தராசில் 62 கிலோ காட்டியது. ஈரம் என்று சொல்லி, கொழுந்து வாங்கும் ஏஜென்ட் எட்டு கிலோ கழித்தார். சீட்டில் 54 என்று மட்டும் எழுதினார். கழித்தது இல்லை, விலையும் இல்லை. விலை அடுத்த மாதம்தான் தெரிந்தது. நாலு கிலோவுக்குச் சற்று மேல் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள். என் கொழுந்தில் வந்த தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. சோவியத் யூனியன் வாங்கிய காலத்தில் தரத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1991-ல் அது உடைந்து, பிறகு விலையும் விழுந்தபோது, கையால் எடுக்கக் கூலி கட்டாமல் கத்தரிக்கோலுக்கு மாறினோம். கத்தரிக்கோல் கொழுந்தோடு முற்றிய கரட்டு இலையையும் சேர்த்தே வெட்டும். நல்ல கொழுந்துக்கு நல்ல விலை என்று சீட்டிலேயே தெரிந்தால் நாளைக்கே கையால் எடுக்க நான் தயார்.

கழித்த எடையையும் முந்தைய வாரக் குன்னூர் ஏல விலையையும் எல்லாக் கொழுந்துச் சீட்டிலும் எழுத வேண்டும் என்று தேயிலை வாரியம் உத்தரவு போடட்டும். கட்டுரை எழுதியவரும் ஒருநாள் எங்கள் எடை போடும் இடத்துக்கு வர வேண்டும். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.