படகு துள்ளும்போது என்ன செய்வாய் என்று கேளுங்கள்: மகாராஷ்டிரா கடல்சார் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

மும்பைத் துறைமுகத்தில் சிறிய வேகப் படகு ஓட்டச் சான்று கேட்டு வருகிறவரை, ஆட்கள் நிறைந்த படகில், அது வழக்கமாக ஓடும் வேகத்திலேயே ஓட்டச் சொல்லிச் சோதியுங்கள். படகு நிலைகுலையத் தொடங்கும் இடம்வரை கொண்டுபோய், அங்கிருந்து மீட்கத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தேர்ச்சி கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இதுதான். மற்றவையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். மஸ்கான் பக்கம், படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இந்தப் படகுகளில் ஓட்டுநர்களாகவும் உதவியாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மராத்திப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வரும்.

2024 டிசம்பர் 18 அன்று, கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் படகின் மீது, இயந்திரச் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப் படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள். நீல்கமலில் 84 பயணிகளுக்கே அனுமதி. ஏறியிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அதன்பின் பயணிகளுக்கு உயிர்காப்பு உடை கட்டாயமானது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் உயிர்காப்பு உடை மனிதன் தண்ணீரில் விழுந்த பிறகு உதவுவது. வேகப் படகு ஓட்டுநரின் கைப்பிடியை விட்டு நழுவும் அந்தச் சில நொடிகளைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

40 நாட் வேகம் என்பது மணிக்கு 74 கிலோமீட்டர், நொடிக்கு 20 மீட்டருக்கு மேல். 200 மீட்டர் தள்ளி வரும் பயணிகள் படகு பத்தே நொடியில் முகத்துக்கு நேராக வந்துவிடும். படகுக்கு பிரேக் கிடையாது. மோட்டாரை நிறுத்திய பிறகும் அது பாய்ந்து வந்த திசையில்தான் போகும்.

மெல்லப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு, அதில் மிதந்தபடி போகிறது. வேகம் கூடினால் அடிப்பாகத்தில் மோதும் நீரே அதைத் தூக்கிவிடும். சாய்வும் நனையும் பரப்பும் மாறாதிருந்தால், வேகம் இரண்டு மடங்காகும்போது தூக்குவிசை நான்கு மடங்காகும். படகு எழும்ப எழும்ப நீரைத் தொடும் பரப்பு சுருங்கும். கடைசியில் பின்புறத்தில் ஒரு சிறு பகுதிதான் தண்ணீரில் இருக்கும். கரையோரத்தில் கட்டிக் கிடக்கும்போது அசையாமல் நின்ற அதே படகு, இப்போது அந்தச் சிறு பகுதியின் மேல் மட்டும் நிலைகொண்டு ஓடுகிறது. கரையில் பார்த்த நிலைத்தன்மையை வைத்து, வேகத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

முதலில் வருவது துள்ளல். அலையே இல்லாத நீரிலும் அணியம், அதாவது படகின் முன்பகுதி, எழும், விழும், மறுபடி எழும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட உயரமாக. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு படகில் பழைய 75 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரைக் கழற்றிவிட்டு 115 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டியிருந்தார்கள். அந்த அளவு மோட்டார் ஏறத்தாழ 170 கிலோ இருக்கும், பழையதைவிடக் கணிசமாகக் கனம். பேட்டரியும் பெட்ரோல் தொட்டியும் பின்னால்தான். இத்தனையும் சேர்ந்து படகின் எடைமையத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டன. அதை ஓட்டும் இராமநாதபுரத்துத் தம்பி வந்து, “அண்ணாச்சி, கடலில் அலையே இல்லை. ஆனாலும் அணியம் எழுந்து எழுந்து விழுகிறது. பயணிகளுக்கு இடுப்பு போய்விடுகிறது” என்றான். என்ன செய்தாய் என்று கேட்டேன். இன்னும் வேகம் கூட்டினால் தாண்டிவிடலாம் என்று முறுக்கிப் பார்த்ததாகச் சொன்னான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவனை உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. துள்ளும் படகில் மோட்டாரை, அதன் சாய்வை மாற்றும் டிரிம் பொத்தானால் உள்ளே இழுக்க வேண்டும், அணியம் தாழும். அதிலும் அடங்கவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கரைக்கு வந்ததும் ஆட்களையும் சுமையையும் முன்னால் நகர்த்த வேண்டும். இவ்வளவுதான். ஆனால் துள்ளிக்கொண்டிருக்கும் படகில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமா? எந்த எடையில், எந்தச் சாய்வில், எந்த வேகத்தில் துள்ளல் தொடங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் வழியை, அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சாவிட்ஸ்கி 1964லேயே வெளியிட்டுவிட்டார். படகு கட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டாரை மாற்றும்போது அந்தக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டுங்கள் என்று உரிமையாளரிடம் நீங்கள் கேட்கலாம்.

துள்ளலைவிட எனக்கு அதிகம் பயம் தருவது பக்கவாட்டு ஆட்டம். வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகு மிக வேகமாகப் போகும்போது, அதன் அடிமுனையான ஏராவின் மேலேயே ஏறி நின்றுவிடும். மதில் மேல் நடப்பவன் நிலை அது: இடமும் வலமும் தாங்க எதுவும் இல்லை. படகு வலப்பக்கம் சாயும், விளிம்பு நீரில் மோதும், அந்த மோதல் அதை இடப்பக்கம் தள்ளும், அங்கே மோதித் திரும்பும். புரொப்பெல்லரின் முறுக்கு விசையும் ஒரு பக்கமாக இழுக்கும். பதறிய ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பித் திருத்தப் பார்ப்பார். அவர் கை திருப்பும் நேரத்தில் படகு ஏற்கெனவே மறுபக்கம் போயிருக்கும். ஆக, அவருடைய திருத்தமே ஆட்டத்துக்கு வேகம் கொடுக்கும். மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் படகு தன்னிச்சையாக ஒரு பக்கம் வெட்டித் திரும்பிவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வீசப்படுவார்கள்.

இதில் பாதிப் பழி ஸ்டீயரிங்கில் இருக்கும் தளர்ச்சிக்கு. ஒரு காரியம் செய்து பாருங்கள். படகு கரையில் கட்டியிருக்கும்போது ஒருவர் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் பின்னால் போய், மோட்டாரின் தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டட்டும். சக்கரம் நகராமல் மோட்டார் மட்டும் ஒரு விரல் அகலம் நகர்ந்தால், அந்தப் படகில் ஓட்டுநர் கொடுக்கும் கட்டளை மோட்டாருக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். உப்பு ஏறிய கேபிள், தேய்ந்த புஷ், இறுக்காத நட்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சோதிக்க ஒரு நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். ஆண்டுச் சோதனைக்கு வரும் உங்கள் அதிகாரி ஒவ்வொரு படகிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆட்டம் தொடங்கினால் செய்ய வேண்டியது: சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மோட்டாரைச் சற்று உள்ளே இழுக்க வேண்டும். சட்டென்று முழுதாக மூடினால் அணியம் விழுந்து நீரைக் குத்தும், அதையே மையமாகக் கொண்டு பின்புறம் சுழலும். போதாததற்குப் பின்னால் துரத்தி வரும் தன்னுடைய அலையே பின்பலகையைத் தாண்டி உள்ளே ஏறும். பயந்தவன் கை முதலில் செய்வது திராட்டிலைப் படாரென்று மூடுவதுதான். அந்தக் கையைப் பழக்காமல் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

அணியத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தினாலும் ஆபத்து உண்டு. துள்ளலுக்குப் பயந்து மோட்டாரை முழுக்க உள்ளே இழுத்து வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமநீரில் ஒன்றும் தெரியாது. நம் துறைமுகத்திலோ ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல்கள், இழுவைப் படகுகள், பைலட் படகுகள் எல்லாம் அலை கிளப்பிக்கொண்டே போகின்றன. காற்றும், கடல்நீர் வடியும் வற்றமும் எதிரெதிராக வரும் பிற்பகல்களில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். பின்னாலிருந்து வரும் அலையின் சரிவில் இறங்கும் படகு, தாழ்ந்த அணியத்தோடு முன்னால் உள்ள பள்ளத்தில் குத்திக்கொண்டால், அலை அதன் பின்புறத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அந்த நேரத்தில் மோட்டாரைச் சற்று வெளியே விட்டு அணியத்தை எழுப்ப வேண்டும், வேகத்தைக் குறைத்து அலையின் முதுகிலேயே நிற்க வேண்டும். முன்பு சொன்ன துள்ளலுக்கு நேரெதிரான மருந்து. எப்போது எது என்பதைப் புத்தகம் மட்டும் சொல்லித் தராது. பக்கத்தில் நின்று ஒருவர் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

பயணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டுப் பேர் என்றால் ஐந்நூறு கிலோவுக்கு மேல். தண்ணீர் தெறிக்கிறது என்று எல்லோரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தால் துள்ளல். படம் எடுக்க ஒரே பக்கம் எழுந்தால் சாய்வு. அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் ஓட்டுநருக்கு உண்டு என்பதைக் கேட்வேயிலும், எதிர்க்கரைப் படகுத்துறையான மாண்ட்வாவிலும் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி வையுங்கள். பத்தொன்பது இருபது வயதுப் பையன் சொன்னால் சுற்றுலா வந்தவர்கள் கேட்பதில்லை. வாரியம் சொன்னால் கேட்பார்கள்.

கில் சுவிட்ச் விஷயம் எனக்கு ஆறாத வருத்தம். ஓட்டுநர் விழுந்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு முனையை ஓட்டுநர் உடம்பிலும் மறுமுனையைச் சுவிட்சிலும் மாட்டும் அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றைப் படகோடு கொடுக்கிறார்கள். பழுதுக்கு வரும் படகுகளில் அது பெரும்பாலும் திராட்டில் கைப்பிடியில் சுற்றிக் கிடக்கும். சிலவற்றில் கயிறே இருக்காது. சுவிட்சில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கைச் செருகிக் கம்பியால் கட்டியிருப்பார்கள், எந்நாளும் கழன்றுவிடாதபடி. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்ட பிறகும் ஓடும் படகு, முறுக்கு விசையில் சக்கரம் தானாகத் திரும்பி, வட்டமடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் விழுந்தவர்கள் மேலேயே புரொப்பெல்லர் திரும்பி வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான விசைப்படகுகளில், வேகமாக ஓடும்போது இந்தக் கயிறு அல்லது அதற்கு இணையான கருவியை ஓட்டுநர் அணிந்தே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம் இருக்கிறது. இங்கே அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கயிறு ஓட்டுநரின் மணிக்கட்டிலோ தொடையிலோ இல்லாத படகு படகுத்துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்று ஓர் உத்தரவு போதும்.

இனிச் சோதனை ஓட்டம். மோட்டார் மாற்றினாலும், புரொப்பெல்லர் மாற்றினாலும், ஸ்டீயரிங் கழற்றி மாட்டினாலும் அந்தப் படகு நமக்குப் புதுப்படகு. நேற்று வரை எப்படி ஓடியது என்பது கணக்கில் வராது. அப்படிப்பட்ட படகைப் பயணிகள் படகுகள் போகும் பாதையில் முழு வேகத்தில் முறுக்கிப் பார்ப்பதை நிறுத்தியாக வேண்டும். இது எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். மும்பைத் துறைமுக ஆணையத்தோடும் கடற்படையோடும் கலந்து பேசி, எலிஃபெண்டா பாதைக்கும் மாண்ட்வா பாதைக்கும் விலகிய ஒரு பகுதியைச் சோதனைக்கென்று குறித்துக் கொடுங்கள். காலை முதல் படகு கிளம்பும் முன்பு என்று நேரமும் குறியுங்கள். சோதனைப் படகில் ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றச் சொல்லுங்கள். வெறும் படகு நன்றாக ஓடியது என்பதை வைத்து, எட்டுப் பேரோடு எப்படி ஓடும் என்று சொல்லிவிட முடியாது.

சட்டத்தில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் பதிவு, ஆய்வு, ஓட்டுநர் தகுதி மூன்றுக்கும் வழி இருக்கிறது. அந்தத் தகுதி எதை உள்ளடக்க வேண்டும் என்பதை விரித்து எழுதுவதுதான் பாக்கி.

மழைக்காலத்தில் மாண்ட்வா படகுகள் நிற்கும் மாதங்களில் பல படகுகள் கரையேறிக் கிடக்கும், ஓட்டுநர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், மீதிப்பேர் எங்கள் பட்டறைகளில் கைவேலை செய்துகொண்டிருப்பார்கள். டிரிம் என்றால் என்ன, எடை எங்கே உட்கார வேண்டும், ஸ்டீயரிங் தளர்ச்சியை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் ஜூலையில் கரையிலேயே கற்றுக் கொடுத்துவிடலாம். தண்ணீரில் கற்க வேண்டியதை, மழை ஓய்ந்து பயணிகள் ஏறத் தொடங்கும் முன்பு வைத்துக்கொள்ளலாம். இந்தத் துறைமுகத்தில் வேலை தெரிந்த மூத்த கோலி மீனவ ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். நீங்கள் தேதி குறித்தால் நானும் வருகிறேன், கூலி வேண்டாம். எங்கள் பட்டறையில் ஒரு 18 அடிப் படகு இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டேன், பயிற்சிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மணல் மூட்டைகளை நாங்களே நிரப்பி வைக்கிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓர் அவுட்போர்டு மெக்கானிக்
மஸ்கான், மும்பை