ஏரிப் பள்ளங்களைச் சரிவாக்கவும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரவும் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் நாற்பத்திரண்டு பேரும்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஏரியில் மண் எடுத்த பள்ளங்களைக் கோடை விடுமுறைக்கு முன் சரிவாக்குதல், பிள்ளைகளுக்கு நீச்சல், ஊராருக்கு முதலுதவிப் பயிற்சி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பாலாற்றின் தென்கரையில் உள்ள எங்கள் ஊர் அங்கன்வாடியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்று முப்பது வயதுக்குள் இருக்கும் பெரும்பாலோர் என் கையால் சத்துமாவு உருண்டை வாங்கித் தின்றவர்கள். அவர்களில் ஒருத்தியின் பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதுப் பையனும் ஏழு வயதுத் தங்கையும், சென்ற சித்திரையில் ஏரிப் பள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர்கள். தங்கை வழுக்கினாள், அண்ணன் கை கொடுத்தான். கரையில் நின்ற மூன்றாவது பிள்ளை சொல்லித்தான் இவ்வளவும் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஏரி ஒரு காலத்தில் தாம்பாளம் போல இருந்தது. இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீரே பிள்ளைக்கு ஆழம் சொல்லும். மண் எடுக்கப் பொக்லைன் வந்த பிறகு அந்தக் கணக்கு கெட்டுவிட்டது. டிப்பர் லாரி திரும்ப வசதியான மூலையிலேயே தோண்டித் தோண்டி, கிணறு போலச் செங்குத்தாக நான்கு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். மதகுக்கு அருகில் இருப்பது பதினேழு அடி. முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளை அடுத்த அடி எடுத்து வைத்தால் அந்தப் பதினேழு அடிதான். ஓரமெல்லாம் களிமண்; பிடிக்க ஒரு வேர்கூட இல்லை. தண்ணீர் கலங்கல், அடி தெரியாது.

மழைக்காலத்தைவிடக் கோடையில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது யாரும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. சித்திரையில் ஏரி வற்றி, பள்ளங்களில் மட்டும் நீர் நிற்கும். பள்ளிக்கூடமும் இல்லை. வெயிலில் மாடும் பிள்ளையும் தேடிப் போவது அந்த நீரைத்தான்.

வண்டல் எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வயலுக்கும் அதுதான் உரம். எடுத்தவர்கள் எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்பதே எங்கள் கேள்வி. ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கும் குறைவு என்பதால் ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது என்கிறார்கள். மண்ணுக்கு அனுமதி கொடுத்தது வேறு அலுவலகம். பள்ளத்துக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகள் போன பிறகு ஒரு பலகை வந்தது: ‘ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது.’ எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? இப்போது ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்கின்றன. முள்வேலி போட்டாலும் கம்பி ஆறு மாதம் நிற்காது என்பதை எங்கள் ஊரைப் பற்றி நாங்களே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். ஆகவே வேலி கேட்கவில்லை. செங்குத்தான ஓரங்களை இடித்து, மூன்றடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவாக ஆக்கித் தாருங்கள். விழுந்த பிள்ளை தவழ்ந்தாவது கரையேறும். தோண்டிய இயந்திரத்துக்கு இது பெரிய வேலையன்று. இனி அனுமதி பெறுபவர்கள் ஓரத்தைச் சரித்துக் காட்டிய பிறகே கணக்கை முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட வேண்டுகிறோம்.

அடுத்தது நீச்சல். எங்கள் அண்ணன்மார் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றைத் தாத்தா மேலிருந்து பிடிக்க, கமலைக் கிணற்றில் நீந்தக் கற்றார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. கமலைக் கிணறுகள் வற்றிக் குப்பைக்குழியாயின. நீந்தத் தெரியாத தலைமுறைக்குத்தான் இந்தப் பள்ளங்கள் வாய்த்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களையும் தீயணைப்பு வீரர்களையும் கொண்டு விடுமுறையின் முதல் இரண்டு வாரத்தில் பயிற்சி தர ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. அறுபது வருடம் ஏரிக்கரையில் வாழ்ந்தும் எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது, யாரும் கற்றுத்தரவில்லை.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளதுகளுக்கு நீச்சல் உதவாது, கண்காணிக்க ஒரு ஆள்தான் வேண்டும். வங்கதேசக் கிராமங்களில் தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், சாவு குறைந்திருக்கிறது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலும், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் வேலையிடத்தில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இந்தக் கோடையிலாவது அமர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று, எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். அன்று பையனை வெளியே எடுத்தபோது ஓடிப்போனவர்களில் நானும் ஒருத்தி. ஒருவர் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். நான் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தேன். அது தவறு, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று பிறகுதான் 108 ஊழியர் சொன்னார். போலியோ சொட்டு மருந்து முதல் எடை பார்ப்பது வரை எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இதை மட்டும் ஒருநாளும் கொடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலம் ஊருக்கு இருபது பேருக்காவது இந்தப் பயிற்சி வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்காமல் கயிறோ புடவையோ எறிய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். மதகடியில் தொங்கவிட, காலி இருபது லிட்டர் கேன் நான்கும் முப்பதடிக் கயிறும் எங்கள் குழுப் பணத்திலேயே வாங்கிவிட்டோம். அதற்காக அரசிடம் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதற்குள் பொறியாளர் ஒருவரை ஏரிக்கு அனுப்பிவைக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். அளந்த கயிறு முடிச்சுகளோடு என் வீட்டில் இருக்கிறது. அவர் வரும் அன்று நானே எடுத்து வருகிறேன்.

இணைப்பு: கையொப்பங்கள் 43, பள்ளங்களின் படங்கள் 4, முன்பு கொடுத்த இரண்டு மனுக்களின் ரசீது நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், குழு உறுப்பினர்களுடன்