கடலோரக் கட்டடத்துக்கு சிலிக்கா பியூம்

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கார் தரிப்பிடத் தூண் வெடித்து, கம்பி துருவேறி, தொட்டாலே கொங்கிரீட் செதில் செதிலாகக் கையோடு வருகிறது. எல்லாம் உப்புக் காற்றின் வேலை. புதிதாகக் கட்டுபவர்கள் பொறியியலாளரிடம் கொங்கிரீட்டில் கலக்கும் சிலிக்கா பியூம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சிலிக்கன் உலைப் புகையில் பிடிக்கும் இந்தத் தூள் சீமெந்துத் துணிக்கையைவிட ஏறக்குறைய 100 மடங்கு சிறியது, சீமெந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து நுண்துளைகளை அடைத்துவிடுவதால் உப்பு கம்பிவரை போவது வெகுவாகக் குறையும், பலமும் கூடும். வழக்கமாகச் சீமெந்தின் எடையில் 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் கலவை இறுகலாகும். அதற்காகத் தண்ணீரை ஊற்றினால் போட்ட காசு வீண், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர்தான் சேர்க்க வேண்டும். அப்புறம், போட்ட ஈரக் கொங்கிரீட்டின் மேலே நீர் ஊறி வருவது குறைவதால் மேற்பரப்பு காய்ந்து வெயிலில் சீக்கிரம் வெடிக்கும், மட்டம் அடித்த கையோடு பொலித்தீனால் மூடிவிடுங்கள்.

வாசகர், கொழும்பு 06