குரலைக் கேட்டு வாங்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ கேட்டிருந்ததற்கு நாலு வரியில் பதில் எழுத மனம் வராததால்தான் தாமதம். புது வீட்டு அறையில் பழைய ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு இடமில்லை, சின்னதாக ஒரு ஜோடி வாங்கிப் பாட்டுக் கேட்க வேண்டும், கையில் காசு சேரச் சேர அதையே படம் பார்க்கச் சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்டாக வளர்த்துக்கொள்ள வேண்டும், எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மாடல் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் என் காதுக்குப் பிடித்தது உன் வீட்டில் வந்து உட்காரும். எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடையில் பத்தே நிமிஷம் கேட்டுவிட்டு ஒரு ஜோடியைத் தூக்கி வந்தேன். கடையில் அது மின்னியது. ஜால்ரா ஒலி பளிச்சென்று தெறித்தது, ட்ரம் நெஞ்சில் இடித்தது. வீட்டுக்கு வந்த மூன்று வாரத்தில் நான் பாட்டுக் கேட்பதே குறைந்துபோனது. பாட்டு நடுவில் எழுந்து போய் சத்தத்தைக் குறைப்பேன். கொஞ்ச நேரத்தில் அணைத்தே விடுவேன். ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. ஒருநாள் மனைவிதான் சொன்னாள்: "அந்தப் பொண்ணு பாடுறப்போ ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் கீறுதுங்க." உட்கார்ந்து கவனித்தேன். அவள் சொன்னது சரி. மேலே ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலிகளைத் தூக்கி, கீழே 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) பக்கம் ஒரு மேடு போட்டு, நடுவில் குரல் இருக்கும் இடத்தைப் பள்ளமாக விட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் கேட்பவனைக் கவர்வதற்கென்றே செய்த ஒலி அது. கடையில் அந்த ஜோடியை மற்றதைவிடச் சற்றுக் கூட்டி வைத்து ஒலிக்கவிட்டார்கள் என்பதும் பிறகுதான் உறைத்தது.

இந்தச் சத்த அளவு விஷயத்தை நீ சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அது கூடுதல் சத்தமாகத் தெரியாது. 'இது தெளிவாக இருக்கிறதே' என்றுதான் தோன்றும். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை இழக்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடு. பிங்க் நாய்ஸ் என்று ஒரு சீரான இரைச்சல் இருக்கிறது, அதை ஒலிக்கவிட்டு, நீ உட்காரும் இடத்தில் ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டரை வைத்துப் பார். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் இரண்டுக்கும் ஒரே எண் வருகிறதா என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

அடுத்து, கண். 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒரு தடவை பார்த்துக்கொண்டு கேட்டார்கள், ஒரு தடவை பார்க்காமல் கேட்டார்கள். பார்த்தபோது பெரிய, ஆடம்பரமான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. பார்க்காமல் கேட்டபோது நன்றாகவே மதிப்பெண் வாங்கிய சின்ன ஸ்பீக்கர் செட், கண்ணில் பட்டதும் இறங்கிப்போனது. சின்ன ஸ்பீக்கர் வாங்கப் போகிறவன் இதை மறக்கவே கூடாது. அளவைப் பார்த்து நாம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். நண்பர்களிடம் இரவல் வாங்கிய இரண்டு ஜோடிகளோடு என் பழைய ஜோடியையும் எடுத்துக்கொண்டேன். ஸ்டூலில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர். இடம் மாறினால் ஒலியும் மாறிவிடும், அதனால் எல்லாம் அதே ஸ்டூலில், அதே கோணத்தில். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், மகள் வயரை மாற்றினாள், மனைவி நான் சொல்வதை எழுதிக்கொண்டாள். ஒற்றை ஸ்பீக்கர் ஏன் என்று கேட்பாய். இரண்டு சேர்ந்து ஒலித்தால் அந்த விரிவில் மயங்கி, குறைகள் காதில் விழாமல் போகும். ஒன்றே ஒன்று என்றால் ஒளிய இடமில்லை. விடுதியில் ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரைச் சுற்றிப் படுத்துக்கொண்டு பாடகர் மூச்சு இழுப்பதைக்கூடக் கண்டுபிடிப்போமே, அதேபோலத்தான். ஆறு முறை மாற்றியதில் ஐந்து முறை நான் தேர்ந்தெடுத்தது, கண் திறந்திருந்தபோது 'சுமார்' என்று ஒதுக்கிய ஜோடியை. அதைத்தான் பிறகு அந்த நண்பரிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

எதை வைத்துச் சோதிப்பது என்பதில்தான் என் உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. மனிதக் குரல். அதுவும் பாடும் குரல் இல்லை, பேசும் குரல். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் குரல். துணிமணி, மெத்தை நிறைந்த எதிரொலி இல்லாத அறையில், மகளை ஒரு பக்கம் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லி நல்ல மைக்கில் பதிவு செய்தேன். அவளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் ஒரு வரி, ஸ்பீக்கர் அதே வரி என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். என் பழைய ஜோடியில் 'ப', 'ம' எல்லாம் வாளிக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் வந்தன. இன்னொன்றில் ஆச்சரியமான ஒரு குறை: 'வாழை'யும் 'வாளை'யும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ல, ள, ழ வித்தியாசத்தின் பெரும்பங்கு சுமார் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. இரண்டு வழி ஸ்பீக்கரில் கீழ் ஒலிக்கான பெரிய கூம்பு ஊஃபர், மேல் ஒலிக்கான சின்னது ட்வீட்டர். ஊஃபர் ட்வீட்டரிடம் ஒலியைக் கைமாற்றும் கிராஸ்ஓவரும் பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். அங்கே கைமாற்றம் சரியில்லை என்றால் நம் ழகரம்தான் முதலில் அடிபடும். பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத சோதனைக் கருவி நம் நாக்கிலேயே இருக்கிறது என்று எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

குரலை வைத்து ஸ்பீக்கரை எடைபோடுவது புது யோசனை இல்லை. பிபிசி 1970-களில் எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை உருவாக்கியது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக. பெட்டியின் கொள்ளளவு 5 லிட்டர் அளவுதான், அதில் 13 சென்டிமீட்டர் ஊஃபர். ஆழமான பேஸ் கிடையாது, சத்தமாகவும் ஒலிக்காது. ஆனால் பேச்சுக் குரல் அதில் அவ்வளவு இயல்பாக வந்ததால் ஐம்பது வருஷம் ஆகியும் தேடி வாங்குகிறார்கள்.

பேஸைப் பற்றி ஒன்று மட்டும் மனதில் வை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச வாட்டிலேயே நல்ல சத்தம். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் விதி என்பார்கள். அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க ஊஃபரின் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். உள்ளங்கை அகலக் கூம்பு எவ்வளவுதான் அசையும்? அதனால் சின்ன ஸ்பீக்கர் 'தும் தும்' என்று அதிர்ந்தால் சந்தேகப்படு. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடது பக்கத்தில், சுருதி வழுக்கும் கும்கி வாசிக்கும் பதிவு ஒன்றைப் போடு. அது சறுக்கி ஏறி இறங்குவது கேட்க வேண்டும். எல்லாமே ஒரே 'தும்'மாக வந்தால் பேஸைக் கூட்டப் பெட்டியில் வைத்த துளை தன் சுருதியைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிய பெட்டி என்றால் பேஸ் மெல்ல இறங்கும், ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம். துளை வைத்த பெட்டியில் ஓர் எல்லை வரை தாக்குப்பிடித்துவிட்டு 24 வீதம் விழும். இரண்டிலும் நல்லது உண்டு. அறை சின்னது என்றால் எனக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும்.

இனி சரவுண்ட். இங்கேதான் சின்ன ஸ்பீக்கருக்கு யோகம் அடிக்கிறது. எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ரிசீவரில் அவற்றை 'ஸ்மால்' என்று போட்டு 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டால், அதற்குக் கீழே உள்ள பாரத்தையெல்லாம் பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபர் சுமக்கும். 80-க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாரம் இறங்கிய ஊஃபர் குரலை இன்னும் சுத்தமாகக் கொடுக்கும். அதனால் நீ வாங்கும் ஸ்பீக்கர் 60, 70 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கினால் போதும். ஆனால் கையில் அடங்கும் சதுரக் கட்டிகளைப் போன்ற செட்டுகள் வேண்டாம். அவற்றுக்கு 150, 200 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டியிருக்கும். ஆண் குரலின் அடிநாதம் அறை மூலையிலிருந்து வரும். வாய் டிவியில், தொண்டை மூலையில். என்னால் அதைத் தாங்க முடியாது.

படத்தில் வசனம் பெரும்பாலும் டிவிக்குப் பக்கத்தில் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. படுக்கை வாட்டில் செய்த சென்டர்கள் பலவற்றில் இரண்டு ஊஃபர் பக்கம் பக்கமாக இருக்கும். நேரே உட்கார்ந்தால் சரி. சோபாவின் ஓரத்துக்குப் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்று குரல் மெலிந்துவிடும். வாங்கும் முன் எழுந்து ஓரமாய் நடந்து பார். இடம் இருந்தால் இடது, வலதுக்கு வாங்கும் அதே ஸ்பீக்கரில் மூன்றாவது ஒன்றை நிமிர்த்தியே நடுவில் வை. ஆளுயர ஸ்பீக்கரில் நினைத்துப் பார்க்க முடியாத வசதி இது. பின்னால் வைப்பவை வேறு ரகமாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை. நீ உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால், முன்பக்கத்து இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை, பக்கத்துச் சரவுண்ட் 110 பாகை அளவில், உன் காதுக்குச் சற்றே பின்னால்.

சுவரையும் மறந்துவிடாதே. பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியை அழிக்கும். பேஸில் ஓட்டை விழும். மூலையில் ஒட்டி வைத்தால் குரல் கனத்துப்போகும். அரை மணி நேரம் தள்ளித் தள்ளி வைத்துக் கேட்டால், காசு கொடுத்துக் கிடைக்காத மாற்றம் கிடைக்கும்.

வீட்டுச் செய்தி ஒன்று. மகள் அவள் ஃபோனில் 14,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை வைத்தாள். அவளுக்குக் கேட்டது, எனக்குத் துளியும் கேட்கவில்லை. வயது. நீயும் என் வயதுதானே, கடைக்குப் போகும்போது உன் பையனைக் கூட்டிப்போ. ட்வீட்டர் கீறுகிறதா என்று அவன் சொல்லட்டும்.

உன் அப்பா பேசிய கேசட்டைக் கணினியில் ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் அவர் விடுதி வாசலில் நின்று நம் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் கேட்டது. அந்தப் பதிவை வைத்து ஸ்பீக்கரைச் சோதிக்காதே. கேசட்டின் இரைச்சலும் அந்தக் கால மைக்கின் குணமும் அதில் கலந்திருக்கும், எது யார் குறை என்று பிரிக்க முடியாது. சோதனைக்கு உன் மனைவியின் குரலைப் பதிவு செய். ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்து இடம் அமைந்த பிறகு, முதலில் அப்பாவைப் போடு.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். என் ஜோடியையும் காரில் எடுத்து வருகிறேன், உன் அறையில் இரண்டு நாள் ஓடட்டும். அதற்கு முன் அறையின் நீளம், அகலம், உயரம், சோபா எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது, டிவி எந்த உயரத்தில் என்று அளந்து எழுது. சோபா சுவரை ஒட்டியிருந்தால் இப்போதே ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்