விந்தி நடந்தவர் ஒருவர், கால் வலித்தது இன்னொருவருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி கவ்பாய் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ‘கன்ஸ்மோக்’ பகுதிக்கு வந்ததும் கடுப்பாகிவிட்டது. 1955 முதல் 1975 வரை 635 அத்தியாயம், இருபது சீசனிலும் மார்ஷல் (ஊரில் சட்டத்தைக் காக்கும் அதிகாரி) மேட் டில்லன் என்ற ஒரே ஆளாக வாழ்ந்த ஜேம்ஸ் ஆர்னஸுக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் மூன்றே வரி. ஆறடி ஏழு அங்குல உயரம், பெரிய சினிமா நட்சத்திரம் ஜான் வெய்ன் வேண்டாமென்று தள்ளிய வேடம் இவருக்கு வந்தது, பெரிதாக நடிக்கத் தெரியாதவர். அவ்வளவுதான். உயரம் சரி, அதில் தகராறில்லை.

வெய்ன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லிவிட்டீர்கள். தொடரின் முதல் தயாரிப்பாளரும் இயக்குநருமான சார்லஸ் மார்க்விஸ் வாரன், வெய்னை அழைக்கும் யோசனையே தனக்கு வரவில்லை என்று பின்னாளில் மறுத்திருக்கிறார். 1952இல் அவர் இயக்கிய ‘ஹெல்கேட்’ படத்தில் ஆர்னஸ் நடித்திருந்தார், அதைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்பது அவர் பக்கத்து வாதம். வெய்னுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆர்னஸ் அப்போது வெய்னின் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தவர், தொலைக்காட்சிக்குப் போகத் தயங்கியவரை போய்ச் சேரச் சொன்னதும் வெய்ன்தான். 1955 செப்டம்பர் 10 அன்று முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அவரே திரையில் வந்து இந்த உயரமான பையனை அறிமுகம் செய்துவைத்தார். அதனால்தானோ என்னவோ, அவர் விட்டுக்கொடுத்த வேடம் என்ற கதை நிலைத்துவிட்டது.

நடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல அவருடைய காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மினியாபோலிஸில் 1923இல் பிறந்த ஆர்னஸுக்குக் கடற்படையில் போர் விமானியாக வேண்டும் என்று ஆசை. உயரம் அதிகம் என்று கழித்துவிட்டார்கள், தரைப்படைதான் கிடைத்தது. 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியபோது, படகிலிருந்து முதலில் இறக்கிவிடப்பட்டவர் இவர். காரணம் வீரம் கீரம் எல்லாம் இல்லை. கூட்டத்திலேயே உயரமானவர், இவர் இறங்கினால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்! கொஞ்ச நாளிலேயே இயந்திரத் துப்பாக்கிக் குண்டு வலது காலைச் சிதைத்துவிட்டது. அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் ராணுவ மருத்துவமனை, 1945 ஜனவரியில் படையிலிருந்து விடுவிப்பு. மருத்துவமனைக்குப் பார்க்க வந்த தம்பிதான் வானொலி வேலைக்கு முயன்று பார் என்று யோசனை சொன்னாராம். அந்தத் தம்பி பின்னாளில் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரில் நடித்த பீட்டர் கிரேவ்ஸ்.

அந்தக் கால் முழுசாகச் சரியாகவே இல்லை. லேசாக விந்தல், கடைசிவரை வலி, குதிரையில் ஏறி இறங்கினால் இன்னும் அதிகம். குதிரையில் ஏறாமல் மார்ஷல் வேடம் போட முடியுமா?

இப்போது செஸ்டரைப் பாருங்கள். மார்ஷலின் உதவியாளராக ஒரு காலை விறைப்பாக இழுத்து இழுத்து நடப்பாரே, டென்னிஸ் வீவர், அவர் நிஜத்தில் தடகள வீரர். 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லானில் ஆறாவதாக வந்தவர். எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகாத உதவியாளருக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அவர் ஏற்படுத்திக்கொண்ட விறைத்த கால் அது. ஆக, கால் நன்றாக இருந்தவர் விந்தி நடந்தார், கால் கெட்டவர் நேராக நடந்தார், இருவரும் ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். வீவருக்கு 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, அருமையான நடிகர், கொடுத்தது நியாயம்தான். ஆர்னஸ் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வாங்கவில்லை. விந்தி நடப்பதாக நடித்தது எல்லோர் கண்ணுக்கும் பட்டது, விந்தாமல் நடித்ததை யார் கவனித்தார்கள்?

‘மரக்கட்டை மாதிரி நிற்கிறார்’ என்று சொல்கிறவர்கள் 1961 வரை வந்த அரைமணி நேர கறுப்பு வெள்ளை அத்தியாயங்களில் நாலைந்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். (பிற்கால ஒரு மணி நேர அத்தியாயங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, விருந்தாளி நடிகர்கள் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.) அந்த அத்தியாயங்கள் தொடங்கும்போது வரும் துப்பாக்கிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா மார்ஷலின் இடுப்புக்குப் பின்னால் இருக்கும், தெருக்கோடியில் ஒருவர் நிற்பார். அவர் ஆர்வோ ஓஹாலா, ஹாலிவுட் நடிகர்களுக்கு வேகமாகத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்த வாத்தியார். வாத்தியார் கை முந்திக்கொள்ளும், ஆனால் விழுவதும் அவர்தான். கதைகளிலும் டில்லன் பல நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்வார், காப்பாற்ற முடியாது, செத்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஆர்னஸ் அங்கே வசனமில்லாமல் செய்வதை நடிப்பில்லை என்றால் எதை நடிப்பு என்பது?

1967இல் தொடரை நிறுத்துவதாக அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் அறிவித்து, பிறகு நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டு மீட்டது, திங்கட்கிழமைக்கு மாற்றியதும் மறுபடி மேலே ஏறியது எல்லாம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது, அதை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். தொடர் முடிந்த பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை, ‘ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்’ தொடர், 1987 முதல் 1994 வரை டில்லனாகவே ஐந்து தொலைக்காட்சிப் படங்கள். பேட்டி என்றால் ஓடிவிடுவார், அலைச்சறுக்கு, பாய்மரப் படகு என்று கடலிலேயே கிடப்பார் என்பார்கள். 2011 ஜூன் 3இல் 88 வயதில் இறந்தார்.

அந்த மூன்று வரியைத் திருத்தி, வெய்ன் பற்றியதை மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் போடுங்கள். அப்புறம் டாக்டர் வேடத்தில் வந்த மில்பர்ன் ஸ்டோனின் பெயரையே விட்டுவிட்டீர்கள், எம்மி வாங்கிய ஆள் சார் அவர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோவை வாசகன்