முழம் போட முடியாத பூ

கைசர், ஓரிகன்
மே கடைசி வாரம், ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்காலுக்கு நீ தைலம் தேய்க்கிறாயா இல்லையா என்று தம்பி உண்மையைச் சொல்லமாட்டான், அதைப் பாப்பா தனியாக எனக்கு எழுதட்டும். பாப்பா, இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் பக்கம் தாண்டாதே, போன கடிதத்தில் இரண்டு பக்கம் தாண்டிவிட்டாய் என்று பாட்டி போனிலேயே சொல்லிவிட்டாள்.

போன வாரம் வீடியோவில் என் ஐரிஸ் பூக்களைக் காட்டினேனே, பார்த்ததும் நீ மூன்றே கேள்வி கேட்டாய். வாசனை உண்டா, எத்தனை நாள் தாங்கும், முழம் என்ன விலைக்குப் போகும். கல்மண்டபத்தில் முப்பது வருஷம் பூ விற்றவள் வேறு என்ன கேட்பாய்? நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எதையோ தள்ளி உடைத்தான், போன் கட்டாகிவிட்டது. அப்புறம் உனக்குப் பகல் எனக்கு ராத்திரி, பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் எங்கே பேசுவது. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கடைசிக் கேள்வி. இதை முழம் போட முடியாது அம்மா. ஒரு பூ என் கை அகலம் இருக்கும், தண்டு இடுப்புக்கு மேல் வளரும், நாரில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டால் இதழ் கிழிந்து சாயம் விரலில் ஒட்டிக்கொள்ளும். மேலே மூன்று இதழ் கோபுரம் மாதிரி குவிந்து நிற்கும், கீழே மூன்று இதழ் முந்தானை மாதிரி தொங்கும். தொங்குகிற ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல ஒரு வரி மயிர் இருக்கும், அதைத் தாடி என்கிறார்கள். பூவுக்குத் தாடியா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. அந்தத் தாடி தேனீக்கு வழி காட்டுகிறதாம், அதன் மேல் நடந்துதான் உள்ளே போகும்.

தாங்குவது ஒரு பூ இரண்டு நாள், வெயில் இல்லாவிட்டால் மூன்று. ஆனால் ஒரு தண்டில் ஏழெட்டு மொட்டு இருக்கும், ஒன்று வாட ஒன்று விரியும், அதனால் ஒரு தண்டே இரண்டு வாரம் ஓடும். வாசனை சிலதுக்கு உண்டு, சிலதுக்குச் சுத்தமாகக் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த ஊதாப் பூவை முகர்ந்தால் அப்படியே பன்னீர் திராட்சைச் சாறு. மல்லிக்குப் பக்கத்தில் வைக்க முடியாதுதான், அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

இந்த ஊரைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கைசர் சின்ன ஊர், ஆனால் தன்னை உலகத்தின் ஐரிஸ் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும். ஷ்ரைனர் என்று ஒரு குடும்பம், 1925இல் மின்னசோட்டாவில் தொடங்கியவர்கள், 1947இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து ஐரிஸ் பயிர் செய்கிறார்கள். மே மாதம் அவர்கள் தோட்டத்தைத் திறந்துவிடுவார்கள், கார்கள் வரிசையாக நிற்கும். நானும் வந்த முதல் வருஷம் போனேன். வயல் வயலாக மஞ்சள், ஊதா, வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று சொல்லக்கூடிய ஒரு நிறம். யாரும் பறிக்கவில்லை, யாரும் தலையில் வைக்கவில்லை, சும்மா பார்த்துவிட்டுக் கையில் காகிதத்தில் பெயரைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். இத்தனை பூவையும் செடியிலேயே வாடவிடுவார்களா என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புது வகை என்றால் ஒரே ஒரு கிழங்கு 50, 60 டாலர்கூட விற்கும். அதை ரூபாயில் சொன்னால் நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய், வேண்டாம்.

நான் காசு கொடுத்து வாங்கியது கொஞ்சம்தான், எல்லாம் பழைய வகைகள், மலிவு. மற்றது பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்தது. எண்பது தாண்டியவள், தனியாக இருக்கிறாள். ஒரு ஆகஸ்டில் வேலிக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள், உள்ளே மண்ணோடு கிழங்குகள். பார்த்ததும் எனக்கு இஞ்சி ஞாபகம் வரவில்லை, வசம்பு ஞாபகம்தான் வந்தது. அதே கணு, அதே வாள் மாதிரி நிமிர்ந்த இலை. அப்புறம் படித்துப் பார்த்தால் குளத்தோரம் வளரும் ஒரு மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியல் பெயரே போலி வசம்பு என்கிற அர்த்தத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தோன்றியது இல்லை பார்.

அந்த முதல் கிழங்குகளை நான் கொன்றேன். சேப்பங்கிழங்கு நடுவது மாதிரி நாலு விரல் ஆழத்தில் புதைத்து, நம் மாடியில் பெயின்ட் டப்பாத் துளசிக்கு நீ ஊற்றுகிற மாதிரி தினமும் தண்ணீர் ஊற்றி, நன்றாக வரட்டும் என்று உரத்தையும் கொட்டினேன். வசந்தத்தில் இலை மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தது. கிழங்கு உள்ளே கூழ். நாற்றம் எப்படி என்றால், மழைக்காலத்தில் விற்காத பூ கூடை அடியில் கிடந்து புழுங்குமே, அதைவிட மோசம். பாட்டி வந்து பார்த்தாள், திட்டவில்லை, வீட்டிலிருந்து ஒரு பழைய ஸ்பூன் கொண்டுவந்து அழுகியதை எல்லாம் வழித்தெடுத்து, மிச்சத்தில் பிளீச் கலந்த தண்ணீரை ஊற்றி வெயிலில் காயப்போட்டாள். இரண்டு பிழைத்தது. குளத்தில் வாத்து மிதப்பது போல முதுகு வெளியே தெரிய நட வேண்டுமாம், கிழங்கு வெயில் காய வேண்டுமாம். இங்கே குளிர்காலம் முழுக்க மழை, மண்ணும் களிமண், அதனால் பாத்தியை மேடாகக் கட்டிச் சரளைக்கல் கலந்து போட்டேன். கோடையில் ஒரு சொட்டு மழை கிடையாது, அது இந்தச் செடிக்குப் பிடித்தமான விஷயம்.

அப்புறம் நத்தை. ஓடில்லாத நத்தை அம்மா, விரல் நீளம், ராத்திரி வந்து மொட்டைத் தின்னும். கிண்ணத்தில் பீர் ஊற்றிப் பாத்தியில் வைத்தால் அதில் விழுந்து சாகும். இவர் குடித்த மீதியை ஊற்றுகிறேன். பாட்டிலையும் எறிவதில்லை, போட்டிக்குத் தண்டைக் கொண்டுபோக அந்தப் பாட்டில்தான். இவர் குடிப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம்.

போட்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஐரிஸ் வளர்ப்பவர்களுக்குச் சங்கங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் தாய்ச் சங்கம் 1920இல் தொடங்கியது. மே மாதம் ஒரு கூடத்தில் நீளமான மேசைகள் போட்டு, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே ஒரு தண்டு, பக்கத்தில் ஒரு சீட்டு. சீட்டில் பூவின் பெயர். 70 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது ஒரு பிரிவு, குட்டைகளுக்குத் தனித்தனிப் பிரிவு. படித்துத் தேர்வெழுதி வந்த நடுவர்கள் மெதுவாக நடந்து பார்ப்பார்கள். பூ எவ்வளவு அழகு என்று மட்டும் பார்ப்பதில்லை, தண்டு நேரா, கிளைகள் சரியான இடைவெளியில் பிரிந்திருக்கின்றனவா, இதழில் மழைப் புள்ளி இருக்கிறதா, அந்த வகைக்கு உரிய லட்சணத்தோடு வளர்ந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மார்க்.

சனிக்கிழமை போட்டி என்றால் புதன்கிழமையே முன்னதாக விரிகிற தண்டை வெட்டிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சனிக்குள் முடிந்துவிடும். ஐஸ் பெட்டியில் மல்லி மொக்கை நீ அடக்கி வைப்பாயே, அதே வித்தைதான். பழம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, பழுக்கிற பழத்திலிருந்து வரும் வாயு பூவை வாட்டிவிடும். நான் ஆப்பிளை எல்லாம் வெளியே எடுத்தேன், இவர் அன்றைக்கென்று பார்த்து இரண்டு கிலோ மீன் வாங்கி வந்தார். மூன்று நாள் என் பூவும் மீனும் ஒரே பெட்டியில், கதவைத் திறந்தால் காசிமேடு.

வெள்ளி ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தண்டைத் தயார் செய்தேன். வாடிய பூவைக் காம்பின் அடியிலேயே வடு தெரியாமல் எடுக்க வேண்டும். தண்டின் மேல் திராட்சைப் பழத்தில் இருக்குமே அந்த மாதிரி ஒரு சாம்பல் பூச்சு, விரல் பட்ட இடம் அப்படியே தடமாகத் தெரியும். எல்லாரும் இதற்குத் திணறுகிறார்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மொக்கைத் தொடாதே, காம்பைத் தொடு என்று ஏழு வயதில் என் கையில் அடித்தாயே, அந்த அடி இன்னும் இருக்கிறது. பாட்டிலில் தண்டு சாயாமல் நிற்க மற்றவர்கள் பஞ்சுத் துண்டு செருகினார்கள், நான் ஐரிஸ் இலையையே மடித்துச் செருகினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். பத்ரியன் தெருப் பூக்கடைகளைப் பற்றி அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்று தண்டு வைத்தேன். ஒன்றை நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விடு. இரண்டாவது டஸ்கி சேலஞ்சர், ஷ்ரைனர் குடும்பம் 1986இல் வெளியிட்டது, 1992இல் டைக்ஸ் பதக்கம் வாங்கிய பூ, அமெரிக்காவில் ஐரிஸுக்கு அதற்கு மேல் பதக்கம் கிடையாது. கருநீலப் பட்டுப்புடவை நிறம், ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த மாதிரி. அதற்குச் சிவப்பு ரிப்பன் கிடைத்தது. சிவப்பு என்றதும் துள்ளிவிட்டேன், அப்புறம்தான் தெரிந்தது, இங்கே முதல் பரிசு நீலம், சிவப்பு இரண்டாவது. வேடிக்கை என்னவென்றால் ஐரிஸில் அசல் சிவப்பே கிடையாது. தக்காளிக்கு நிறம் தரும் அதே லைகோபீன்தான் இதிலும் இளஞ்சிவப்பையும் ஆரஞ்சையும் தருகிறது, ஆனாலும் நம் செம்பருத்திச் சிவப்பு இன்னும் யாருக்கும் வரவில்லை.

மூன்றாவது பாட்டியின் ஊதா. மூன்றிலும் அதுதான் நன்றாக வந்திருந்தது, மூன்று பூ ஒரே நேரத்தில் விரிந்து, ஒன்றை ஒன்று இடிக்காமல், கூடத்தில் நுழைந்தாலே திராட்சை வாசனை. ஆனால் அதன் பெயர் பாட்டிக்கே தெரியாது. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது, ஊதா என்றால் ஊதா. சீட்டில் பெயர் இல்லாமல் போட்டிக்கு வைக்க முடியாது. நான் புத்திசாலித்தனமாகப் புத்தகத்தைப் புரட்டி, திராட்சை வாசனை உள்ளது பாலிடா என்கிற ஐரிஸ் என்று கண்டுபிடித்து எழுதிவிட்டேன். நடுவர் குனிந்து பார்த்தார், வாசனை பிடித்தார், சிரித்தார், அப்புறம் மொட்டை மூடியிருந்த உறையைப் பேனா முனையால் காட்டினார். பாலிடாவாக இருந்தால் அந்த உறை வெங்காயச் சருகு மாதிரி வெள்ளி நிறத்தில் காய்ந்து இருக்குமாம். என்னுடையது பச்சையும் ஊதாவுமாக இருந்தது. பெயர் தவறு என்று சீட்டில் எழுதி மேசையை விட்டு எடுத்து வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் எனக்குக் கோபம் ஆறவில்லை. பெயர் தெரியாவிட்டால் பூ பூ இல்லையா? அப்புறம் யோசித்தால் அவர் சொன்னது சரிதான், மல்லி என்று சொல்லி நீ காக்கட்டானை விற்றால் கல்மண்டபத்தில் விடுவார்களா. ஆனால் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். சொன்னதும் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அவளிடம் நம் ஊரில் வசம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பேர் சொல்லாதது என்றுதான் கடையில் கேட்போம், பச்சைக் குழந்தை வீட்டில் அது இல்லாமல் இருக்காது என்று சொன்னேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போது அவளும் அந்த ஊதாவைப் பேர்சொல்லாதது என்றுதான் கூப்பிடுகிறாள், உச்சரிப்பு கொஞ்சம் உருண்டு வருகிறது, பரவாயில்லை.

ஜூலை, ஆகஸ்டில் கிழங்கைத் தோண்டிப் பிரிக்க வேண்டும். ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் பூக்கும், இலையை விசிறி மாதிரி வெட்டி நட வேண்டும். உனக்கு ஒன்று கொண்டுவர ஆசைதான், ஆனால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள், விட்டாலும் நம் மாடியில் பூக்காது. குளிர்காலத்தில் நன்றாக நடுங்கினால்தான் இந்தத் தாடி ஐரிஸுக்குப் பூக்கத் தோன்றும், நம் மார்கழிப் பனி அதற்குப் பத்தாது.

கத்திரி வெயிலில் மத்தியானம் வெளியே போகாதே. மாடித் தொட்டியைத் தம்பி கழுவினானா? பணம் இந்த மாதம் இரண்டு நாள் தாமதமாக வரும், கவலைப்படாதே. கடிதத்தோடு பேர்சொல்லாததின் இதழ் ஒன்றைப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து அனுப்புகிறேன், நிறம் மங்கியிருக்கும். போட்டோவும் இருக்கிறது. பாப்பா, பாட்டியிடம் போட்டோவைக் கொடுத்து, தண்டு ஒன்று என்ன விலைக்குப் போகும் என்று கேள், அவள் சொல்கிற விலையை அப்படியே எழுது, குறைத்து எழுதாதே.

உன்,
பெரியவள்